மணவிலக்கே இல்லாத நாடு: பிலிப்பீன்ஸில் சட்டம் யார் கையில்?

உலகில் இரண்டே இரண்டு இடங்களில்தான் பொதுவான மணவிலக்குச் சட்டம் இல்லை. ஒன்று, போப்பாண்டவர் வசிக்கும் வத்திகன். அங்கே குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான், அவர்களிலும் குருமார்களும் காவலர்களுமே அதிகம். இன்னொன்று, 100 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழும் பிலிப்பீன்ஸ்.

பிலிப்பீன்ஸ் நமக்குத் தூரத்து நாடு இல்லை. சிங்கப்பூரில் நம் வீட்டுப் பணிப்பெண், மருத்துவமனைத் தாதி, அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உள்ளவர் என யாராவது ஒருவர் அங்கிருந்து வந்தவராக இருப்பார். அவர்களில் சிலருக்குத் திருமணம் முறிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் சொந்த நாட்டின் சட்டப்படி அவர்கள் இன்னும் "திருமணமானவர்கள்"தான்.

"சமயம்தான் காரணம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதே நாட்டின் அரசமைப்புச் சட்டம், தேவாலயமும் அரசாங்கமும் தனித்தனி, அதை யாரும் மீறக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்புறம் எப்படி?

சுருக்கமாகச் சொன்னால்

• 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிலிப்பீன்ஸ் மக்களில் 78.8 விழுக்காட்டினர் ரோமன் கத்தோலிக்கர்கள். முஸ்லிம்கள் 6.4 விழுக்காடு.

• முஸ்லிம்களுக்கு மணவிலக்கு உண்டு. மற்றவர்களுக்கு இல்லை.

• மணவிலக்கு மசோதா 2018இலும் 2024இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட் சபையைத் தாண்டவில்லை.

• தேவாலயத்தின் செல்வாக்கு பெரியதுதான். ஆனால் பலர் நினைப்பதுபோல் அது எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை.

ஒரு திருமணம் முறிந்தால் என்ன வழி?

ஒரு பெண்ணைக் கணவர் தொடர்ந்து அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பிலிப்பீன்ஸ் சட்டம் என்ன தருகிறது?

முதல் வழி, சட்டபூர்வப் பிரிவு. தொடர்ந்து அடிப்பது அதற்கான காரணங்களில் ஒன்று. நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் இருவரும் தனித்தனியாக வாழலாம், சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் திருமணம் அப்படியே இருக்கும். இருவரில் யாரும் மறுமணம் செய்ய முடியாது.

இரண்டாவது வழி, திருமணத்தை ரத்து செய்வது. மோசடி, கட்டாயம், மனநலப் பாதிப்பு போன்ற ஒரு குறை திருமணம் நடந்த நேரத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கச் சொல்வது. இதில் அதிகம் பயன்படுவது 1987 குடும்பச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. கணவன் அல்லது மனைவிக்குத் திருமணக் கடமைகளை நிறைவேற்ற முடியாத "உளவியல் இயலாமை" திருமணத்தின்போதே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

வேறுபாடு புரிகிறதா? மணவிலக்கு என்றால், "இந்தத் திருமணம் இருந்தது, இப்போது முடிந்துவிட்டது" என்று பொருள். பிலிப்பீன்ஸ் சட்டமோ, "திருமணமே சரியாக நடக்கவில்லை என்று நிரூபித்துக் காட்டு" என்கிறது. ஒழுங்காகத் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்துச் சீரழிந்த திருமணத்துக்கு இதில் நேரான வழி எதுவும் இல்லை.

அதனால் என்ன நடக்கிறது? 36ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடுபவர், ஒருகாலத்தில் தான் விரும்பி மணந்தவரை மனநிலை சரியில்லாதவர்போல் நீதிமன்றத்தில் சித்திரிக்க வேண்டியிருந்தது. உளவியல் நிபுணர், பரிசோதனை, சாட்சிகள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. உளவியல் இயலாமை என்பது மருத்துவக் கருத்து இல்லை, சட்டக் கருத்து. நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று அது தீர்ப்பளித்தது.

இருந்தாலும் செலவு குறையவில்லை. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றச் செலவு எல்லாம் சேர்த்தால் பெரும்பாலும் 100,000 பெசோவைத் தாண்டிவிடும். 2024 ஜூலையில் மணிலா வட்டாரத்தின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 645 பெசோ. அதாவது ஒரு தொழிலாளி சாப்பாடு, வாடகை எதுவும் கொடுக்காமல் ஏறக்குறைய 155 நாள் சம்பளத்தை அப்படியே எடுத்துவைக்க வேண்டும். பணம் இருப்பவர்களுக்குக் கதவு திறக்கும், இல்லாதவர்களுக்குத் திறக்காது என்று மணவிலக்கு ஆதரவாளர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, வழக்கே வேண்டாம், பேசாமல் பிரிந்து போய்விடலாமே? பலர் அதைத்தான் செய்கிறார்கள். அதிலும் சிக்கல் இருக்கிறது. பிரிந்துபோன மனைவி இன்னொருவருடன் வாழத் தொடங்கினால், கணவர் புகார் கொடுத்தால், அது குற்றம். 6 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கணவர் அதைச் செய்தால்? சட்டம் அவருக்கு இன்னும் இளக்கமாக இருக்கிறது. மனைவியின் விஷயத்தில் ஒரே ஒருமுறை நடந்ததை நிரூபித்தாலே போதும். கணவரைப் பொறுத்தவரை, அவர் வேறொரு பெண்ணை வீட்டிலேயே வைத்திருந்தார், அல்லது ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தார் என்றெல்லாம் காட்ட வேண்டும். அதிகபட்சத் தண்டனையும் குறைவு, 4 ஆண்டு 2 மாதம்.

புதிய உறவில் பிறக்கும் பிள்ளைகளையும் இது விடுவதில்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். பெற்றோர் சொத்தில் அவர்களுக்குச் சட்டம் உறுதிசெய்யும் பங்கு, திருமணத்தில் பிறந்த பிள்ளையின் பங்கில் பாதிதான்.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

1987 அரசமைப்புச் சட்டத்தில் தேவாலயத்தையும் அரசாங்கத்தையும் பிரிக்கும் விதிகள் நிறையவே இருக்கின்றன.

• அரசாங்கம் எந்தச் சமயத்தையும் நாட்டின் சமயமாக ஆக்க முடியாது.

• பொதுப் பணத்தைச் சமயத்துக்காகச் செலவிடக்கூடாது. ராணுவம், சிறை, அரசாங்க ஆதரவற்றோர் இல்லம், தொழுநோயாளர் இல்லம் ஆகியவற்றில் பணியாற்றும் குருமார்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

• பல்வேறு சமூகப் பிரிவுகளுக்கு நாடாளுமன்றத்தில் இடம் தரும் கட்சிப் பட்டியல் முறையில், சமயப் பிரிவுக்கு இடமில்லை.

அதே ஆவணத்தின் முகவுரை எல்லாம் வல்ல இறைவனின் துணையை வேண்டித் தொடங்குகிறது. திருமணம் "மீறக்கூடாத சமூக அமைப்பு" என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. கருவில் உள்ள குழந்தையைக் கருத்தரித்த நேரத்திலிருந்தே காக்க வேண்டும் என்கிறது வேறொரு பிரிவு. பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் அரசாங்கப் பள்ளியிலும் சமய வகுப்பு நடத்தலாம். தேவாலயம், பள்ளிவாசல் போன்றவற்றின் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொத்து வரி இல்லை.

நீதிமன்றங்களும் இந்த இரண்டு பக்கத்தையும் சமாளித்துத்தான் போகின்றன. கெஸோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் கத்தோலிக்கத் திருப்பலி நடப்பதை எதிர்த்து ஒருவர் புகார் செய்தார். 2017இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வேலைக்கு இடையூறு இல்லை, பொதுப் பணம் செலவாகவில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றால் அது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானதல்ல என்பது நீதிமன்றத்தின் நிலை.

சுவர் இருக்கிறது. ஆனால் அதில் கதவுகளும் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுவர் எப்படி வந்தது?

1565இலிருந்து 1898 வரை ஸ்பெயின் பிலிப்பீன்ஸை ஆண்டது. அந்தக் காலத்தில் தேவாலயமும் அரசாங்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயர்களை நியமிப்பதில் ஸ்பானிய மன்னருக்கு உரிமை இருந்தது. பல ஊர்களில் மக்கள் நேரில் பார்த்த ஒரே ஸ்பானியர், அந்த ஊர்த் தேவாலயத்தின் துறவிதான். பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிடுவதும் அவர், ஊர் நிர்வாகத்தில் தலையிடுவதும் அவர். பெரிய நிலப்பகுதிகள் துறவிச் சபைகளுக்குச் சொந்தமாக இருந்தன.

விடுதலை உணர்வு முதலில் வெடித்தது இந்த அதிகாரத்துக்கு எதிராகத்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சமயத்துக்கு எதிரான கோபம் இல்லை. 1872 பிப்ரவரி 17ஆம் தேதி கிளர்ச்சிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்ட கோமெஸ், புர்கோஸ், சமோரா மூவருமே கத்தோலிக்கக் குருமார்கள். உள்நாட்டுக் குருமார்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தோடு அவர்கள் பெயர் இணைந்திருந்தது.

தேசிய நாயகர் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மே தாங்ஹெரே' நாவலில் பாத்ரே டமாசோ என்ற ஆணவம் பிடித்த துறவி வருவார். 1896 டிசம்பர் 30ஆம் தேதி ரிசாலை ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் டமாசோ என்ற பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2010இல் மணிலா பேராலயத்தில் அந்தப் பெயரை எழுதிய பதாகையைத் தூக்கிப்பிடித்த கலைஞர் கார்லோஸ் செல்ட்ரான், சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

1899இல் புரட்சியாளர்கள் மலோலோஸ் நகரில் அரசமைப்புச் சட்டம் எழுதியபோது, தேவாலயத்தையும் அரசாங்கத்தையும் பிரிக்கும் விதி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. பின்னர் வந்த அமெரிக்க ஆட்சி அந்தப் பிரிவினையை உறுதியாக்கியது. துறவிச் சபைகளின் நிலங்களையும் 1903இல் ஏறக்குறைய 7 மில்லியன் டாலருக்கு விலைக்கு வாங்கியது.

அப்போ மணவிலக்கு என்றைக்குமே இல்லையா?

இருந்தது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

அமெரிக்க ஆட்சியில், 1917இல், மணவிலக்குச் சட்டம் ஒன்று வந்தது. மனைவியோ கணவரோ வேறு உறவு வைத்திருந்தது குற்றமாக நிரூபிக்கப்பட்டால் மட்டுமே மணவிலக்கு. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1943இல், காரணங்களின் எண்ணிக்கை 11 ஆனது. போர் முடிந்ததும் பழைய சட்டம் திரும்பியது.

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, 1950இல் நடப்புக்கு வந்த புதிய குடிமைச் சட்டத்தில் மணவிலக்கு நீக்கப்பட்டது. சட்டபூர்வப் பிரிவு மட்டும் மிஞ்சியது. அதாவது, மணவிலக்கு இல்லாத நிலை நூற்றாண்டுகளாக மாறாமல் வந்த ஒன்றில்லை. சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் எடுத்த முடிவு அது.

1977இல் முஸ்லிம்களுக்கான தனிச் சட்டம் வந்தது. அதில் மணவிலக்குக்கு இடமுண்டு. சிங்கப்பூரிலும் முஸ்லிம் திருமணங்களுக்கு ஷரியா நீதிமன்றம் இருப்பதால் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதாகத் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மற்றவர்களுக்கும் மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. அங்கே இல்லை. ஒரே நாட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் வழி, சமயம் வேறு என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைப்பதில்லை.

தேவாலயத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி?

எண்ணிக்கை ஒரு காரணம். பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று தேவாலயம் நடத்தும் நிறுவனங்கள் இன்னொரு காரணம். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611இல் தொடங்கப்பட்டது. நாட்டை ஆள்பவர்களில் பலர் இத்தகைய கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் படித்தவர்கள்.

ஆனால் இன்றைய செல்வாக்கின் வேர் 1986இல் இருக்கிறது. அதிபர் ஃபெர்டினண்ட் மார்கோஸ் தேர்தலில் வென்றதாக அறிவித்துக்கொண்டார். மோசடியால் கிடைத்த ஆட்சிக்குத் தார்மீக அடிப்படை இல்லை என்று கத்தோலிக்க ஆயர்கள் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 22ஆம் தேதி ராணுவத்தில் ஒரு பகுதியினர் மார்கோசுக்கு எதிராகத் திரும்பினார்கள். அன்றிரவு மணிலாப் பேராயர் கர்தினால் ஹைமே சின், ரேடியோ வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியில் பேசினார். கிளர்ச்சியாளர்களுக்குத் துணையாக வீதிக்கு வாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்.

எட்சா சாலையில் கூட்டம் கூட்டமாக மக்கள் திரண்டார்கள். கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு கவச வாகனங்களுக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். பிப்ரவரி 25ஆம் தேதி மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

சர்வாதிகாரி ஒருவரை அகற்ற உதவிய அமைப்பு என்ற மதிப்பு தேவாலயத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே நடப்புக்கு வந்ததுதான் இப்போதைய அரசமைப்புச் சட்டம். திருமணம், கருவிலுள்ள குழந்தை பற்றிய வரிகளை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 2001இல் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா பதவியிழந்த போராட்டத்திலும் கர்தினால் சின் முன்னணியில் இருந்தார்.

தேவாலயம் அரசியலில் தலையிடுவது நல்லதா, கெட்டதா? மணவிலக்கு வேண்டும் என்று இன்று கேட்கும் பலரும், 1986இல் தேவாலயம் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். பிலிப்பீன்ஸில் இந்தக் கேள்விக்கு எளிதான பதில் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

ஆயர்கள் சொன்னால் மக்கள் அப்படியே வாக்களிப்பார்களா?

இல்லை. இதற்கு நல்ல உதாரணம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

கருத்தடைச் சாதனங்களை ஏழைகளுக்கு அரசாங்கமே வழங்கவும், பள்ளிகளில் பாலியல் கல்வி தரவும் வகைசெய்யும் மசோதா அது. தேவாலயத்தின் எதிர்ப்பால் பத்து ஆண்டுக்கும் மேலாக இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2012 டிசம்பரில் அதிபர் பெனிக்னோ அக்கினோ அதில் கையெழுத்திட்டார். அவர் யார் தெரியுமா? 1986இல் தேவாலயத்தின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்த கொராசான் அக்கினோவின் மகன்!

அத்தோடு விஷயம் முடியவில்லை. 2013 தேர்தல் நேரத்தில் பாகோலோட் நகரப் பேராலயத்தின் சுவரில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. சட்டத்தை எதிர்த்தவர்கள் "உயிர் அணி", ஆதரித்தவர்கள் "மரண அணி" என்று செனட் வேட்பாளர்களின் பெயர்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். பதாகை அளவுமீறியது, எடுங்கள் என்றது தேர்தல் ஆணையம். மறைமாவட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2015இல் தீர்ப்பு வந்தது: மறைமாவட்டம் வேட்பாளர் இல்லை, கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு, ஆணையம் அதைத் தடுக்க முடியாது.

வழக்கில் தேவாலயம் ஜெயித்தது. வாக்குப்பெட்டியில்? அந்தச் செனட் தேர்தலில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்த லோரன் லெகார்டா, ஆலன் பீட்டர் கயெதானோ, ஃபிரான்சிஸ் எஸ்குடேரோ மூவருமே "மரண அணி"யில் இருந்தவர்கள். உயிர் அணியிலும் பலர் வென்றார்கள், மரண அணியிலும் சிலர் தோற்றார்கள். மொத்தத்தில் பதாகையைப் பார்த்து மக்கள் வாக்களித்ததாகத் தெரியவில்லை.

2016இல் ரோட்ரிகோ டுட்டார்டே அதிபரானார். ஆயர்களைத் திட்டினார், 2018இல் கடவுளையே "முட்டாள்" என்றார். அவரது போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில், அதிகாரபூர்வக் கணக்குப்படியே 6,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். தேவாலயங்கள் மணியடித்து எதிர்ப்புத் தெரிவித்தன. ஆனாலும் அவருக்கு மக்களிடம் இருந்த ஆதரவு பெரிதாகக் குறையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேவாலயத்தை அவ்வளவு ஏசிய டுட்டார்டே, மணவிலக்கு மசோதாவை ஆதரிக்கவில்லை. அவரது சொந்தத் திருமணம் 2000இல் ரத்து செய்யப்பட்டது என்பது வேறு கதை.

மசோதா ஏன் செனட்டில் நிற்கிறது?

2018 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை மணவிலக்கு மசோதாவை 134க்கு 57 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2024 மே 22ஆம் தேதி மறுபடியும் நிறைவேறியது. இம்முறை ஆதரவு 131, எதிர்ப்பு 109, வாக்களிக்காதவர்கள் 20. செனட்டில் மீண்டும் தேக்கம். அந்த நாடாளுமன்றத் தவணை 2025 ஜூனில் முடிந்ததால் மசோதாவும் காலாவதியானது. அதை முன்னின்று கொண்டுவந்த எட்செல் லக்மான் அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஜனவரியில், காலமானார்.

செனட் உறுப்பினர்கள் 24 பேர். தொகுதி கிடையாது, ஒவ்வொருவரும் நாடு முழுவதும் வாக்குக் கேட்டு வருகிறார்கள். அதனால் எந்தப் பெரிய குழுவையும் பகைத்துக்கொள்ள அவர்களுக்குத் தயக்கம். கத்தோலிக்கர்கள் மட்டுமில்லை, 1914இல் தொடங்கிய இக்லேசியா நி கிறிஸ்டோ என்ற திருச்சபையும் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் தலைமை சொல்லும் வேட்பாளருக்கு ஒட்டுமொத்தமாக வாக்களிப்பதால், வேட்பாளர்கள் அதன் ஆதரவை நாடிப் போவது வழக்கம்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்? 2024 மார்ச்சில் ஒரு முன்னணி ஆய்வு நிறுவனம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் மணவிலக்கை ஆதரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானோர் எதிர்த்தார்கள். மீதிப் பேர் முடிவுக்கு வரவில்லை. வாக்கை இழக்கப் பயப்படும் அரசியல்வாதி தீர்மானிக்காமல் தள்ளிப்போட இது போதும்.

இரு தரப்பும் என்ன சொல்கின்றன?

மணவிலக்கு வேண்டாம் என்பவர்களின் வாதம் வெறும் வேத வசனம் மட்டுமில்லை. திருமணத்தைக் காக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது, மணவிலக்கு எளிதானால் முயற்சி செய்து பார்க்காமலே பிரிவார்கள், பிள்ளைகள்தான் பாதிக்கப்படுவார்கள், இருக்கும் வழிகளையே மலிவாகவும் வேகமாகவும் ஆக்கினால் போதுமே என்று கேட்கிறார்கள்.

வேண்டும் என்பவர்கள் சொல்வது: தேவாலயத்தில் நடக்கும் சடங்கு வேறு, அரசாங்கம் பதிவுசெய்யும் திருமணம் வேறு. மணவிலக்கு யாரையும் கட்டாயப்படுத்தாது. நம்பிக்கை உள்ள கத்தோலிக்கர் அதைப் பயன்படுத்தாமலே இருக்கலாம். அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்ல அரசாங்கத்துக்கு என்ன உரிமை என்பது அவர்கள் கேள்வி.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. 36ஆம் பிரிவின் "உளவியல் இயலாமை" என்ற கருத்தே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலிருந்து எடுத்து அரசாங்கச் சட்டத்தில் சேர்த்ததுதான். ஆனால் திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று சொன்னாலும், அரசாங்கப் பதிவில் தானாக எதுவும் மாறாது. தனியாக இன்னொரு வழக்கு நடத்த வேண்டும். 2015இல் போப் ஃபிரான்சிஸ் திருச்சபையின் நடைமுறையை எளிமையாக்கினார். பிலிப்பீன்ஸ் நாடாளுமன்றம் தன் நடைமுறையை இன்னும் தொடவில்லை.

மற்ற கத்தோலிக்க நாடுகள் என்ன செய்தன?

பிலிப்பீன்ஸ் மட்டும் கத்தோலிக்க நாடு இல்லையே. இத்தாலியில் மணவிலக்கு 1970இல் வந்தது. அதை நீக்கக் கோரி 1974இல் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, 59 விழுக்காட்டினர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். ஸ்பெயின் 1981, அர்ஜென்டினா 1987, சிலி 2004. அயர்லந்தில் 1995இல் பொது வாக்கெடுப்பு. மயிரிழையில், 50.3 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேறியது. கடைசியாக வந்தது மால்ட்டா, 2011இல் 53 விழுக்காட்டு ஆதரவுடன்.

பிலிப்பீன்ஸை ஆண்ட ஸ்பெயினே மாறி 40 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இத்தாலி, அயர்லந்து, மால்ட்டா மூன்றிலும் முடிவு கடைசியில் மக்களின் கைக்கு வந்தது. பிலிப்பீன்ஸில் அந்தக் கேள்வியை மக்களிடம் நேரடியாக யாரும் இன்னும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் வசிக்கும் பிலிப்பீன்ஸ் நாட்டவர்களுக்கு?

இது நம் ஊரையும் தொடும் விஷயம். பிலிப்பீன்ஸ் நாட்டவர் வெளிநாட்டவரை மணந்து, வெளிநாட்டில் மணவிலக்குப் பெற்றால், பிலிப்பீன்ஸ் நீதிமன்றம் அதை அங்கீகரிக்க முடியும். முன்பு வெளிநாட்டுத் துணை விண்ணப்பித்திருந்தால் மட்டுமே அது செல்லும் என்று கருதப்பட்டது. பிலிப்பீன்ஸ் நாட்டவரே விண்ணப்பித்திருந்தாலும் செல்லும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் கணவன், மனைவி இருவருமே பிலிப்பீன்ஸ் குடிமக்கள் என்றால்? எந்த நாட்டில் வேலை செய்தாலும் சொந்த நாட்டுக் குடும்பச் சட்டம் அவர்களைத் தொடரும். வெளிநாட்டில் வாங்கிய மணவிலக்கு ஊரில் செல்லாது. சிங்கப்பூரில் 2024 ஜூலையிலிருந்து இருவரும் பேசி ஒத்துக்கொண்டே மணவிலக்குப் பெறலாம். அதே ஊரில், அதே அலுவலகத்தில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் தம்பதிக்கு அந்தத் தாள் தாய்நாட்டில் பயன்படாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரில் வீடு வாங்கினால், பல ஆண்டுகளாகப் பார்க்காத துணைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

அடுத்து என்ன?

2025 ஜூலையில் தொடங்கிய புதிய நாடாளுமன்றத்திலும் மணவிலக்கு மசோதாக்கள் தாக்கலாகியுள்ளன. பிரதிநிதிகள் சபையைவிடச் செனட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தேவாலயமும் ஓரமாக ஒதுங்கி உட்காரவில்லை. வெள்ளத் தடுப்புத் திட்டங்களில் ஊழல் நடந்ததாக எழுந்த கோபத்தில், 2025 செப்டம்பர் 21ஆம் தேதி மணிலாவில் மக்கள் பேரணியாகத் திரண்டபோது தேவாலயக் குழுக்களும் முன்னணியில் நின்றன. எட்சா சாலையில், 1986இல் மக்கள் நின்ற அதே இடத்தில்.

அந்தப் பேரணிக்குப் போன ஓர் இளையர், அடுத்த வாரம் மணவிலக்கு கேட்டும் பதாகை பிடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கும் போகலாம். அவருக்கு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியாது. செனட்டில் உட்கார்ந்திருக்கும் 24 பேருக்கும் அப்படித் தோன்றுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மசோதாவின் கதி இருக்கிறது.